கழுதைப்புலிக்கு 560 டாலர்

ஒரு ராத்திரிக்கு 560 டாலர். ஐந்து நட்சத்திர ஹோட்டல் வாடகை என்று நினைத்துவிடாதீர்கள். சோமாலியாவில், ஒரு கழுதைப்புலியோடு ஒரே அறையில் ஒரு ராத்திரி அடைபட்டுக் கிடப்பதற்கு ஆகும் செலவு அது.

அடைபடுகிறவர், மனநிலை பாதிக்கப்பட்டவர். பணம் கட்டுகிறவர்கள், அவரைப் பெற்றவர்கள் அல்லது கூடப் பிறந்தவர்கள். கழுதைப்புலியின் கண்ணுக்குத் தப்புவது எதுவுமில்லை என்பது அங்கே ஒரு நம்பிக்கை. மனுஷ உடம்புக்குள் ஒளிந்திருக்கும் ஜின்னைக்கூட அது கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால்? பிறாண்டும், கடிக்கும். ஜின் அலறிக்கொண்டு ஓடிவிடும். மிச்சமிருக்கும் மனுஷன் குணமாகிவிடுவான். 2013-ல் பிபிசி இந்தச் செய்தியை வெளியிட்டபோது உலகமே வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

நாமும், படிப்பறிவில்லாத ஜனங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்தான். ஆனால் ஒரு நிமிஷம். நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் முதலில் வரவு செலவுதான் கண்ணில் படும். உள்நாட்டுப் போரில் சின்னாபின்னமான ஒரு தேசத்தில் 560 டாலர் என்பது குடும்பத்தையே உட்கார வைத்துவிடக்கூடிய தொகை. அதைப் புரட்டிக் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவரை அக்கறையில்லாதவர் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்த நாட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டிய மருந்துகள் என்று உலக சுகாதார நிறுவனம் முதல் முதலாக ஒரு பட்டியல் வெளியிட்டது 1977-ல். குளோர்ப்ரோமசின், ஹாலோபெரிடால் இரண்டும் அந்த முதல் பட்டியலிலேயே உண்டு. மனச்சிதைவு மாதிரியான தீவிர வியாதிகளுக்கான மாத்திரைகள். காப்புரிமை எல்லாம் காலாவதியாகி, சல்லிசாக விற்கிற சரக்கு.

ஆக, மாத்திரை விலை குறைவு. கழுதைப்புலி விலை அதிகம். அப்படியிருந்தும் ஜனங்கள் கழுதைப்புலியிடம் போனார்கள். சந்தையில் இப்படி ஒன்று நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மலிவான பொருள் கடையில் இல்லை. ஏன் இல்லாமல் போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

*

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கோடியில், காண்டாமிருகத்தின் கொம்பு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதல்லவா, அதுதான் சோமாலியா. ஏறக்குறைய எல்லாரும் முஸ்லிம்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரே மொழி. ஒட்டகமும் ஆடும் மேய்த்துக்கொண்டு தண்ணீர் இருக்கும் திசை பார்த்து நகர்ந்துகொண்டே இருந்த ஜனங்கள். வடக்கே பிரிட்டிஷ்காரர்கள், தெற்கே இத்தாலியர்கள். (வடக்குப் பகுதியை 1898 வரை பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம்தான் நிர்வாகம் செய்துகொண்டிருந்தது.) 1960-ல் இரண்டும் சுதந்தரமடைந்து ஒரே நாடாகின. அவர்கள் மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972-ல்தான். அதற்கு முன்னால் எல்லாம் வாய்ப்பாட்டு, வாய்ப்பேச்சு, ஞாபகசக்தி.

பைத்தியத்துக்கு சோமாலி மொழியில் 'வாலி' என்று பெயர். கவிஞரோ, கிஷ்கிந்தை ராஜாவோ நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. கவலை என்றால் 'வெல்வெல்'. சோமாலிகளிடையே வேலை பார்த்த மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு சமாசாரம் உண்டு. அங்கே ஒருவன் ஒன்று, தெளிவாக இருப்பான். அல்லது வாலி. இரண்டுக்கும் நடுவே, 'கொஞ்சம் மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்' என்று ஒரு படிக்கட்டு கிடையாது. கவலையா? அது வாழ்க்கை. அதற்கு யார் மருந்து சாப்பிடுவார்கள்?

வாலியாகிவிட்டால்? காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். இறைவன் விதித்தது. ஜின் பிடித்தது. யாரோ கண் வைத்தது. யாரோ சூனியம் வைத்தது. முதலில் கூப்பிடுவது வதாதை. வதாத் என்றால் மார்க்கம் படித்தவர். அவர் வந்து குர்ஆன் ஓதுவார். ஓதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார். அந்தத் தண்ணீருக்கு 'தஹ்லீல்' என்று பெயர். நம் ஊர்ப் பள்ளிவாசல் வாசல்களில் சாயங்கால நேரத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஓதி வாங்கிப் போக, எல்லா மதத்துக்காரர்களும்தான் நிற்பார்கள். அதேதான்.

ஆனால் ஓதியும் தீராத சில கேஸ்கள் உண்டு. பெரும்பாலும் பெண்கள். கல்யாணமான பெண்கள். அவர்களுக்குத்தான் 'ஸார்'.

*

ஸார் என்பது ஆவியின் பெயர். அந்த ஆவியைச் சமாதானப்படுத்த நடத்துகிற சடங்குக்கும் அதே பெயர்தான். எத்தியோப்பியா, சூடான், எகிப்து வரை இந்தச் சடங்கு பரவியிருந்தது. பிடித்துக்கொண்டால் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்காது. வேலை ஓடாது. உடம்பு ஆடும். 'அலாகத்' என்கிற பூசாரிப் பெண்மணியை அழைப்பார்கள். பெரும்பாலும் அவளும் முன்னொரு காலத்தில் ஸார் பிடித்து மீண்டவளாகவே இருப்பாள். சாம்பிராணிப் புகை போடுவார்கள். மேளம் அடிப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கூடிப் பாடுவார்கள். பாதிக்கப்பட்டவள் எழுந்து ஆடுவாள். களைத்து விழும்வரை ஆடுவாள்.

சரி, ஆவி என்ன கேட்கும்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. புதுத் துணி கேட்கும். அத்தர் கேட்கும். நல்ல சாப்பாடு கேட்கும். அவள் வாயாலேயேதான் கேட்கும், ஆனால் கேட்பது அவளில்லை. வாங்கிக் கொடுக்க வேண்டியது புருஷன்.

ஐ.எம்.லூயிஸ் என்று ஒரு பிரிட்டிஷ் மானுடவியல் அறிஞர். 1955 முதல் 1957 வரை வடக்கு சோமாலியாவில் அந்த ஜனங்களோடு இருந்து ஆராய்ச்சி செய்தவர். அவர் இதை உன்னிப்பாகக் கவனித்தார். எந்த வீட்டில் ஸார் பிடிக்கிறது? புருஷன் இன்னொரு கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யும் வீட்டில். பெண்டாட்டி பிள்ளைகளைக் கவனிக்காமல் ஒட்டகங்களோடு மாசக்கணக்கில் போய்விடுகிறவனின் வீட்டில். வாய் திறந்து கேட்கமுடியாதவளுக்காக ஆவி கேட்கிறது என்றார் லூயிஸ். 1966-ல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். 1971-ல் வந்த அவரது புத்தகத்தில் இதுதான் மையம். புருஷன்மார்கள் முட்டாள்களா என்ன? ஒருமுறை, இரண்டுமுறை பொறுத்துப் போவார்கள். அதற்குமேல் ஆவி வந்தால் அடி விழும். அதற்கும் மசியாவிட்டால் தலாக் மிரட்டல். அதையும் லூயிஸ் எழுதியிருக்கிறார்.

பெண்களுக்கு மட்டும்தான் என்று இல்லை. கைவிட்டுப் போன காதலனின் ஆவி பிடித்துக்கொண்டது என்று சொல்லப்பட்ட இளம்பெண்களைப் பற்றியும் அவர் குறித்திருக்கிறார். ரகசியமாகக் கொடுத்த கல்யாண வாக்குறுதியை வைத்துக்கொண்டு எந்தப் பஞ்சாயத்துக்கும் போகமுடியாது. பெண் சாப்பிடாமல் மூலையில் சுருண்டுவிடுகிறாள். வதாத் வந்து, உள்ளே இருப்பவனைப் பேர் சொல்லச் சொல்லி அதட்டுகிறார். அவன் பேர் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. வெறும் பேய் ஓட்டலா இது? பாதி வழக்காடுமன்றம்.

லூயிஸ் எல்லாவற்றையும் பேரமாகப் பார்க்கிறார் என்று பின்னால் வந்த சிலர் சண்டைக்கு வந்தார்கள். சூடானில் இதே சடங்கை ஆராய்ந்த ஜேனிஸ் பாடி, புருஷனிடம் சேலை பிடுங்குவது மட்டும் இல்லை ஐயா, இதில் இன்னும் ஆழமான அர்த்தங்கள் இருக்கின்றன என்று 1989-ல் ஒரு புத்தகமே போட்டார். இருக்கட்டும். எனக்கு இதில் பிடித்தது வேறு. ஸார் தீவிர மனச்சிதைவைக் குணப்படுத்தியிருக்காது. ஆனால் அந்தச் சடங்கில் நோயாளி நடுவில் இருந்தாள். அவளைச் சுற்றி ஊர் இருந்தது. அவள் பேசினாள், மற்றவர்கள் கேட்டார்கள்.

லூயிஸ் சோமாலிலாந்தில் மேளச் சத்தத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. 1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக அடைந்து கிடந்தவர்களில் பலர் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். அந்த மாத்திரை சோமாலியாவுக்கும் வந்திருக்க வேண்டும். ஓரளவு வரவும் செய்தது. பெர்பெரா துறைமுகத்தில் ஒரு மனநல மருத்துவமனை, மொகதிஷுவில் ஒன்றிரண்டு என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கை. அதையாவது வளர்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

*

1969 அக்டோபரில் சியாத் பாரே என்கிற ராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்தார். பள்ளிக்கூடம், எழுத்தறிவு இயக்கம் என்று ஆரம்பத்தில் சில நல்ல காரியங்களும் நடந்தன. அப்புறம் 1977-ல் எத்தியோப்பியாவோடு ஒகாடன் யுத்தம். தோல்வி. எதிர்த்தவர்கள்மீது அடக்குமுறை. 1988-ல் அவர் செய்ததுதான் உச்சம். வடக்கே ஹர்கெய்ஸா நகரத்தின் விமான நிலையத்திலிருந்தே போர் விமானங்களைக் கிளப்பி, அதே ஹர்கெய்ஸாவின்மீது குண்டு போட்டார். சொந்த ஊர், சொந்த ஜனங்கள். ஊர் தரைமட்டமாகி, மிஞ்சியவர்கள் எத்தியோப்பியாவுக்கு நடந்தே ஓடினார்கள்.

1991 ஜனவரியில் பாரே ஓடிப்போனார். அதோடு அரசாங்கமும் போய்விட்டது. வேறு ஒன்று வந்து உட்காரவில்லை. மந்திரி கிடையாது, போலீஸ் கிடையாது, மருந்து வாங்க டெண்டர் விட ஓர் ஆபீஸ் கிடையாது. படித்த டாக்டர்கள் கிடைத்த விமானத்தில் ஏறிப் போய்விட்டார்கள். அதே வருஷம் மே 18-ல் வடக்குப் பகுதி சோமாலிலாந்து என்று தனியாகப் பிரிந்துகொண்டது. தெற்கே ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு ஆயுதக் குழுவின் கையில்.

மனசு உடைவதற்கான அத்தனை காரணங்களும் ஒரே சமயத்தில் வந்து இறங்கின. வைத்தியத்துக்கான அத்தனை கதவுகளும் ஒரே சமயத்தில் மூடின.

போதாக்குறைக்கு காத் இலை. நம்மூர் வெற்றிலை மாதிரி கன்னத்தில் அடக்கி மணிக்கணக்கில் மெல்லுகிற பச்சை இலை. தூக்கம் வராது, பசிக்காது, பேச்சு பொங்கும். 1983-ல் பாரே இதைத் தடை செய்து பார்த்தார், பலிக்கவில்லை. யுத்தகாலத்தில் துப்பாக்கி தூக்கிய பையன்களுக்கு அதுவே ஆகாரமாகிவிட்டது. 2002-ல் ஹர்கெய்ஸாவில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் மிக்கேல் ஓடன்வால்ட் குழுவினர் 4,800-க்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். தீவிரமாக மனநிலை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மற்றவர்களைவிடச் சின்ன வயசிலேயே காத் மெல்ல ஆரம்பித்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக மென்றவர்கள்.

தப்பித்து ஓடியவர்கள் மட்டும் நன்றாக இருந்தார்களா? கென்யாவின் வறண்ட எல்லையில் தாதாப் என்ற இடத்தில் 1991-ல் அகதி முகாம் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் ஆரம்பித்தார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த முகாமில் ஒரு வார்த்தை புழக்கத்துக்கு வந்தது. 'பூஃபிஸ்.' ஊதுதல், காற்றடைத்தல் என்று அதன் வேர். அமெரிக்காவோ கனடாவோ நம்மை எடுத்துக்கொள்ளும் என்கிற ஆசை ஒருவனுக்குள் காற்று மாதிரி ஊதிக்கொண்டே போவது. நேர்காணல் முடிந்து பேர் வரவில்லை என்றால் சில பேருக்கு அது புத்தியைக் கலக்கிவிடும். அதற்கும் பூஃபிஸ் என்றே பெயர். சிண்டி ஹார்ஸ்ட் என்கிற ஆராய்ச்சியாளர் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வியாதிக்கு, அதை அனுபவித்த ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

*

இந்த இடத்தில்தான் சங்கிலி வருகிறது.

ஒரு நிமிஷம் மொகதிஷுவில் ஒரு தாயாக இருந்து பாருங்கள். இருபது வயசு மகன். ராத்திரியெல்லாம் கத்துகிறான். கதவைத் திறந்தால் தெருவுக்கு ஓடுகிறான். தெருவில் ஐம்பதடிக்கு ஒரு சோதனைச்சாவடி. நில் என்றால் நிற்க வேண்டும். இவன் நிற்க மாட்டான், இவனுக்குக் கேட்காது. சுட்டுவிடுவார்கள். மகளாக இருந்தால் இன்னும் பயங்கரம், சொல்லவே வேண்டாம். ஆஸ்பத்திரி இல்லை. மாத்திரை இல்லை. நீங்களும் வேலைக்குப் போயாக வேண்டும், மற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டாக வேண்டும். என்ன செய்வீர்கள்?

வீட்டு மரத்தில் ஒரு சங்கிலியைக் கட்டி, மறுமுனையை அவன் காலில் பூட்டுவீர்கள். அழுதுகொண்டே பூட்டுவீர்கள். நானும்தான்.

குடும்பம் கட்டிய சங்கிலியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆனால் காசு வாங்கிக்கொண்டு கட்டிய சங்கிலி வேறு ரகம். அரசாங்கம் இல்லாத இடத்தில் எல்லாமே தனியார்மயம்தானே? ஸார் சடங்கை இஸ்லாத்துக்கு விரோதமானது என்று சீர்திருத்தவாத மதகுருக்கள் கண்டித்து, அது மெல்ல ஓரத்துக்குப் போனது. 'இலாஜ்' என்ற பெயரில் ஓதிக் குணப்படுத்தும் நிலையங்கள் பெருகின. சிகிச்சை என்பதற்கான அரபுச் சொல் அது. நல்ல மனசோடு, ஆறுதலாக ஓதி அனுப்பிய பெரியவர்கள் நிறைய பேர் உண்டு. ஓதுவதோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. கலங்கிய மனசுக்குத் தெரிந்த குரலில் தெரிந்த வேதம் கேட்பது எத்தனை பெரிய ஆறுதல் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பூட்டு எதற்கு? மாசக்கட்டணம் எதற்கு?

2015-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு சோமாலிலாந்து நிலவரத்தை அறிக்கையாக வெளியிட்டது. ஹர்கெய்ஸாவின் தனியார் மையங்களில் ஆட்கள் சங்கிலியில் கிடந்தார்கள். நாளின் பெரும்பகுதி அறைக்குள் பூட்டு. சம்மதம் கேட்காமல் மருந்து. அடைபட்டவர்களில் வெளிநாட்டு சோமாலிகளும் உண்டு. லண்டனிலோ மினியாபொலிஸிலோ வளர்ந்த பையன், போதை, அடிதடி அல்லது நிஜமாகவே மனநோய். 'ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடுவான்' என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவார்கள். இதற்கு 'தக்கன் செலிஸ்' என்று பெயர். பண்பாட்டுக்குத் திருப்புதல் என்று அர்த்தம். விடுமுறைக்கு என்று விமானம் ஏறியவன், பாஸ்போர்ட் பிடுங்கப்பட்டு ஒரு பூட்டிய அறையில் கண்விழிப்பான்.

ஸாரில் ஊர் கூடி நோயாளியைச் சுற்றி உட்கார்ந்தது. இங்கே நோயாளி மட்டும் தனியாக. பாரம்பரிய வைத்தியம் என்று இரண்டுக்கும் ஒரே லேபிள் ஒட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கழுதைப்புலி அறையும் இந்தத் தனியார் சந்தையில் முளைத்த ஒரு கடைதான்.

இதை எழுதும்போது ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்குமா? 2001 ஆகஸ்ட் 6. விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். அப்போது நான் பத்திரிகை வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு ஆபீஸுக்கு வந்து சேர்ந்த புகைப்படங்களை ஆசிரியர் எங்கள் யாருக்கும் காட்டவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் என் மேஜைக்குத் தவறி வந்தது. சாம்பல். அதன் நடுவே கருக்காத சங்கிலி. அந்தக் காப்பகத்துக்கும் குடும்பங்கள் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. நம்மிடம் அரசாங்கம் இருந்தது. அதனால் சோமாலியாவைப் பார்த்து உச்சுக்கொட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

*

சரி, யாருமே எதுவும் செய்யவில்லையா? செய்தார்கள். டாக்டர்கள் இல்லாத ஊரில், டாக்டர் அல்லாதவர்கள் செய்தார்கள்.

1992. பெர்பெரா. யுத்தத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த மனநல மருத்துவமனைக்குள் உள்ளூர் இளைஞர்கள் சிலர் போனார்கள். உள்ளே இருந்தவர்களைக் கவனிக்க ஒருவரும் இல்லை. நாங்கள் கவனிக்கிறோம் என்று இறங்கினார்கள். சம்பளமில்லாத வேலை. காவோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொண்டு நிறுவனம் இப்படித்தான் பிறந்தது. துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டிய வயசு அவர்களுக்கு.

மொகதிஷுவில் இதையே பெரிய அளவில் செய்தவர் அப்திரஹ்மான் அலி அவாலே. ஊரில் டாக்டர் ஹபேப் என்றால்தான் தெரியும். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, நர்ஸ். உலக சுகாதார நிறுவனம் நடத்திய மூன்று மாச மனநலப் பயிற்சிதான் அவர் படிப்பு. 2005-ல் ஒருநாள், மனநிலை பாதிக்கப்பட்ட சில பெண்களை இளவட்டங்கள் தெருவில் விரட்டி விரட்டி ஓடவிட்டதைப் பார்த்தார். தாங்கவில்லை. அந்த வருஷமே மொகதிஷுவில் ஒரு மனநல மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஊரில். பின்னால் வேறு ஊர்களிலும் மையங்கள் வந்தன.

மூன்று மாசப் படிப்பை வைத்துக்கொண்டு இவர் எப்படி வைத்தியம் பார்க்கலாம் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சரித்திரத்தில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். பாரிஸில் பிஸெத்ர் என்றொரு மருத்துவமனை. அங்கே மனநோயாளிகள் இரும்பு விலங்கில் கிடந்தார்கள். ஆமாம், ஐரோப்பாவும் கட்டிப்போட்டுத்தான் வைத்திருந்தது. அந்த விலங்கைக் கழற்றியவர் பினல் என்ற மாபெரும் டாக்டர் என்று ஓவியமெல்லாம் வரைந்து மாட்டியிருக்கிறார்கள். பிஸெத்ரில் 1797-ல் விலங்கைக் கழற்றியது பினல் இல்லை. புஸ்ஸேன் என்ற வார்டு கண்காணிப்பாளர். தோல் பதனிடும் தொழில் செய்தவர். கண்டமாலை நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள அதே ஆஸ்பத்திரிக்கு வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். இருநூறு வருஷம் கழித்து மொகதிஷுவில் அந்த வேலையை ஒரு நர்ஸ் செய்தார்.

அவர் மருத்துவமனையோடு சேர்ந்துதான் உலக சுகாதார நிறுவனம் 'சங்கிலி இல்லா' திட்டத்தை மொகதிஷுவில் தொடங்கியது. மூன்று கட்டம். முதலில் ஆஸ்பத்திரியில் சங்கிலியைக் கழற்றுவது. அடுத்து, வீடு வீடாகப் போய்க் கழற்றுவது. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. ஊர் வாய். இவன் வாலி என்று ஒருதரம் சொல்லிவிட்டால், குணமான பிறகும் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், வேலை கொடுக்க மாட்டார்கள்.

முதல் கட்டம் சுலபம். இரண்டாவது கட்டத்தில்தான் சூட்சுமம். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, 'ஏனம்மா இப்படிக் காட்டுமிராண்டித்தனமாகக் கட்டி வைத்திருக்கிறாய்?' என்று கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். நிபந்தனையில்லாமல் பேச வேண்டும். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். மாத்திரை வேலை செய்ய நாள் பிடிக்கும், அதுவரை வந்துவந்து பார்க்க வேண்டும். ஓதுவதை நிறுத்து என்று சொல்லவே கூடாது. தஹ்லீல் தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கிக்கொள்ளட்டுமே, என்ன கெட்டுவிடும்? சோமாலிகள் குடியேறிய மேற்கத்திய நகரங்களிலும் மனநல மருத்துவர்கள் கொஞ்சம் தாமதமாக இதைத்தான் கற்றுக்கொண்டார்கள். இமாமை எதிராளியாக்கினால் நோயாளி வரமாட்டார். இமாம் 'போய்ப் பார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் குடும்பத்தோடு வருவார்.

ஹபேப் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் செய்துகொள்ளவில்லை. கழுதைப்புலி. ரேடியோவில் அதற்கு எதிராக விளம்பரமே கொடுத்தார். எழுத்துக்கு முன்பே காதால் வாழப் பழகிய ஜனங்களுக்கு ரேடியோவைவிடச் சிறந்த கருவி எது? மனநோயும் மற்ற வியாதிகள் மாதிரி ஒரு வியாதிதான், வைத்தியத்துக்கு இங்கே வாருங்கள் என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம்.

வந்தார்கள். மாத்திரைதான் எப்போதும் பற்றாக்குறை. சோமாலியாவில் மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்னை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் மதிப்பிட்டது. அப்போது அங்கே இருந்த மனநல மருத்துவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

2020 அக்டோபரில் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் இன்னொரு அறிக்கை வெளியிட்டது. மனநிலை பாதிக்கப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டியோ சின்ன அறைகளில் பூட்டியோ வைக்கும் வழக்கம் எந்தெந்த நாடுகளில் இருக்கிறது என்று தேடினார்கள். சுமார் 60 நாடுகள் அகப்பட்டன. அந்தப் பட்டியலில் சோமாலிலாந்து இருந்தது. இந்தியாவும் இருந்தது.